வண்டியே வீடாக: குழந்தைகளோடு செஞ்சிக் கோட்டைக்கு

‘கேரவன்’ என்னும் சொல் இன்றைய தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடைவேளையில் ஒப்பனை செய்துகொள்ளவும் ஓய்வெடுக்கவும் பயன்படுத்தும் குளிரூட்டப்பட்ட வண்டியையே குறிக்கிறது. பாலைநிலத்தைக் கூட்டமாகக் கடந்த வணிகரையும் அவர்தம் ஒட்டகங்களையும் சேர்த்துக் குறித்த ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே கூட்டத்தை விட்டுவிட்டு வண்டியை மட்டும் பற்றிக்கொண்டு, ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, குடும்பமும் குழந்தையும் ஏற முடியாத ஒரு தனியறையின் பெயராகிவிட்டது. ஆனால் அச்சொல்லின் பழம்பொருளுக்குத் தமிழில் தொன்மையான சொற்களே உண்டு. வணிகர் கூட்டத்துக்குச் ‘சாத்து’ என்றும், ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குற நகரும் வண்டி வரிசைக்கு ‘ஒழுகை’ என்றும் சங்க நூல்கள் பெயரிட்டன. இவ்விரண்டனுள் குழந்தைகளுக்கு இடம் இருந்தது ஒழுகையில்தான்.

உப்பு விற்ற உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பளங்களில் சுமையேற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களை நோக்கி மாட்டுவண்டிகளில் சென்றபோது மனைவி மக்களை ஊரில் விட்டுச் செல்லவில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உப்பு வண்டி உண்மையில் ஒரு நகரும் வீடே ஆகும்: கோழி அடையும் கூடு அதில் கட்டப்பட்டிருக்கிறது, பெண்யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் தொங்குகிறது, காடி ஊற்றிய கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது, கைக்குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்ட, ஆடவர் பக்கத்தில் நடந்து வருகின்றனர். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கெனக் கூடுதல் அச்சு ஒன்றை வண்டியின் கீழே கட்டிச் சென்ற வழக்கமும் புறநானூற்றில் பதிவாகியுள்ளது. அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். இன்றைய வண்டியின் ‘ஸ்டெப்னி’ சக்கரம் செய்யும் வேலையை அன்று செய்தது அந்த அச்சு. பத்துப்பாட்டின் மற்றொரு நூலான சிறுபாணாற்றுப்படையில், உமணரின் வண்டி வரிசையோடு தானும் ஒரு பிள்ளையைப் போலவே வந்த மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்துகளை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி, அணி பூண்ட உமணச் சிறுவரோடு விளையாடுகிறது. நீண்ட பயணத்தில் குழந்தைகளை எவ்வாறு மகிழ்வாக வைத்திருப்பது என்னும் கேள்விக்குத் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய விடைகளுள் ஒன்றாக இதனைக் கொள்வதில் தவறில்லை.

இந்தக் காட்சி பாண்டிய நாட்டுக் கொற்கையைச் சார்த்திச் சொல்லப்பட்டதே எனினும், அந்நூலின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் என்பதும், ஓய்மாநாட்டின் ஊர்களுள் ஒன்றான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதியாக இருப்பதும், எயிற்பட்டினம் என்னும் அதன் கடற்கரை ஊரை ஆய்வாளர்கள் இன்றைய மரக்காணத்தோடு பொருத்துவதும் இங்கே கருதத்தக்கவை. மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகிறது. அங்கிருந்து மேற்கே திண்டிவனத்தைக் கடந்து செல்லும் சாலைதான் செஞ்சியை அடைகிறது. குழந்தைகளோடு வண்டியில் செல்லும் விடுமுறைப் பயணத்தை அயல்நாட்டு வழக்கம் என்று எண்ணுவோர், அவ்வழக்கத்தின் பழைய தமிழ்ச் சான்று இந்தப் பகுதியை ஆண்ட தலைவனைப் பாடிய நூலில் கிடைப்பதை நினைவிற்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் இன்பச் செலவுக்கென்றே வீட்டு வண்டி செய்யும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றியது. 1885-இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கப்பற்படை மருத்துவர் தமக்கெனச் செய்வித்த குதிரை வண்டியை அதன் தொடக்கமாகக் கூறுவர். 1907-இல் பிரிட்டனில் இதற்கென ஒரு சங்கமே அமைந்தது. இந்தியாவின் வாகன விதிகளும் ‘மோட்டார் கேரவன்’ என்பதற்கு இலக்கணம் வகுத்துள்ளன: இருக்கையும் மேசையும், படுக்கையாக மாற்றத்தக்க அமைப்பும், சமைக்கும் வசதியும், பொருள்களை வைக்கும் இடமும் வண்டிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய வண்டி தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாகவே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பியிருப்பது வாடகைக்குப் பேசும் வேன்.

செஞ்சிக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஆகவே சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை மூன்று தலைமுறையும் ஒருசேரச் செல்ல விரும்பும் குடும்பம், டெம்போ டிராவலர் போன்ற ஒரு வேனைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றும் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு பேட்டா என்றும் பேசி அமர்த்துகிறது. விடியற்காலையில் வேன் தெருமுனைக்கு வந்ததும் மேற்கூரைக் கேரியரில் பாய்களும் ஜமுக்காளமும் பெரிய பாத்திரங்களும் ஏறித் தார்ப்பாயால் மூடப்படுகின்றன. கடைசி வரிசை இருக்கையின் கீழே தண்ணீர்க் கேன்களும், புளிசாதமும் தயிர்சாதமும் நிறைந்த எவர்சில்வர் தூக்குகளும் சாயாமல் அடுக்கப்படுகின்றன. ஓட்டுநர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின் வண்டி புறப்படுகிறது. கோழிக்கூடும் உரலும் இல்லை என்பதைத் தவிர, உருத்திரங்கண்ணனார் காட்டிய வண்டிக்கும் இதற்கும் உள்ள உறவு நெருக்கமானது. புளிசாதம் எடுத்துச்செல்லப்படுவதற்கும் காரணம் உண்டு: புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்து சோற்றை நெடுநேரம் கெடாமல் காக்கின்றன. தயிர்சாதத்தில் பால் கூட்டிப் பிசைவதும், வழியில் அது புளித்துப்போகாமல் உண்ணும் வேளைக்குச் சரியான பதத்தில் இருப்பதற்காகவே.

சென்னையிலிருந்து திண்டிவனம் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஜி.எஸ்.டி. சாலையில் வேகமாகக் கழிகிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திண்டிவனத்தில் மேற்கே திரும்பித் திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையில் 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சி வரும். குழந்தைகளுக்கு வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் இந்த இறுதிப் பகுதியில்தான். உடல் அசைவதை உட்காது உணர்ந்து மூளைக்குச் சொல்ல, கைப்பேசியையோ முன் இருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசைவே இல்லை என்று சொல்ல, இரண்டு செய்திகளும் முரண்படுவதால் எழுவதே பயண வாந்தி. 2 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை இது மிகுதியாகத் தாக்குகிறது. கண்ணுக்கு முன்னே சாலை தெரியும்படி அவர்களை முன்வரிசையில் அமர்த்துவதும், தொலைவில் அசையாது நிற்கும் ஒன்றைப் பார்க்கச் சொல்வதும் நல்ல மருந்து. பார்க்கத்தக்கவற்றை இந்தச் சாலை தாராளமாகவே தருகிறது.

செஞ்சியை நெருங்க நெருங்க, யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டியதைப் போன்ற பாறைக் குன்றுகள் இருபுறமும் எழுகின்றன. இவ்வளவு கற்களையும் யார் அடுக்கினார்கள் என்று கேட்காத குழந்தை இல்லை. அதற்கு விடை எளியது, ஆனால் வியப்புக்குரியது. பூமிக்கடியில் கிடந்த கருங்கல் திரளில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் இருந்தன; அவற்றின் வழியே இறங்கிய நீர் பல லட்சம் ஆண்டுகளாகக் கல்லை அரித்தது; மூலைகளும் விளிம்புகளும் பல பக்கங்களிலிருந்து அரிக்கப்பட்டதால் முதலில் மழுங்கின; மேலிருந்த மண் மழையில் கரைந்து நீங்கியபோது உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தபடியே வெளிப்பட்டன. அதாவது, யாரும் அவற்றை அடுக்கவில்லை. அடுக்கைச் சுற்றியிருந்தவைதாம் அகன்றுவிட்டன. கோட்டை கட்டியோர் செய்ததெல்லாம் இந்தக் குன்றுகளின் இடைவெளிகளைச் சுவரால் அடைத்ததுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதில்கள் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையவை. திருவண்ணாமலைச் சாலையே இந்த மதிலை ஊடுருவிச் செல்வதால், வண்டியில் உட்கார்ந்தபடியே கோட்டைக்குள் நுழையும் அரிய அனுபவம் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது.

இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இக்கோட்டை, ‘மராத்திய ராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் 12 கோட்டைகளுள் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது; மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் உள்ளன. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிற்பகலில் நேரம் கடந்தபின் மலையேற விடுவதில்லை என்பதால், ராஜகிரியின் உச்சியைக் காண விரும்பும் குடும்பம் காலையில் வாயில் திறக்கும்போதே அங்கிருப்பது நன்று.

எனினும், உச்சியை அடைவதையே குறிக்கோளாகக் கொண்டு குழந்தைகளை இழுத்துச் செல்வது சரியன்று. தரையிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயர்ந்து நிற்கும் ராஜகிரியில் படிகள் உயரத்தில் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. வெயில் ஏறியபின் பாறை சுடுகிறது. ஏழெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பலர் பாதி வழியில் தூக்கச் சொல்லி அழுகின்றனர். குழந்தைக்கான கோட்டை அடிவாரத்திலேயே இருக்கிறது. ராஜகிரியின் காலடியில் அமைந்த உட்கோட்டையில் கல்யாண மகால், களஞ்சியங்கள், குதிரைலாயம், உடற்பயிற்சிக்கூடம், யானைக்குளம் ஆகியவை நடக்கும் தொலைவில் அடுத்தடுத்து உள்ளன. சதுர முற்றத்தைச் சுற்றிலும் அறைகளும் நடுவே பல அடுக்குகளோடு கூம்பிச் செல்லும் மாடமும் கொண்ட கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே தண்ணீர் ஏற்றப்பட்டது. மின்விசைப் பம்பு இல்லாத காலத்தில் மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறியது என்பதை, நீரின் ஊற்றிடம் மாடியைவிட உயரத்தில் இருந்தால் போதும் என்னும் ஒரே விதியைக் கொண்டு, ஒரு ரப்பர் குழாயையும் வேனில் உள்ள தண்ணீர்க் கேனையும் வைத்தே பிள்ளைகளுக்குச் செய்துகாட்டலாம். பள்ளிப் பாடத்தில் நீரழுத்தம் என்று படிப்பதை இங்கே கட்டடமாகவே காண்கின்றனர்.

களஞ்சியங்களுக்குள் நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் கூவிப் பார்க்கின்றனர். தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் குரலைத் திருப்பி அனுப்புகின்றன. இவ்வளவு பெரிய களஞ்சியம் எதற்காக என்று அவர்கள் கேட்கும் தருணமே வரலாற்றைச் சொல்ல ஏற்ற தருணம். 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம், மொகலாயர் மகாராஷ்டிரத்தை நெருக்கியபோது, மாறுவேடத்தில் தெற்கே தப்பிவந்து செஞ்சியைத் தம் அரசின் இருக்கையாக்கினார். ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்ஃபிகார் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. எட்டு ஆண்டுகள் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முழு ஆயுள். அவ்வளவு காலம் ஒரு ஊரைச் சுற்றிப் படை நின்றது என்று சொன்னால்தான் களஞ்சியத்தின் அளவு அவர்களுக்குப் பொருள்படுகிறது. உள்ளே இருந்தவர்களுள் ராஜாராமின் குடும்பத்தாரும் உண்டு. வெளியே இருந்ததும் வெறும் படை அன்று; மொகலாயர் பாசறை என்பது கூடாரங்களாலான ஒரு நகரம். அத்தகைய படைகளுக்குத் தானியம் சுமந்து உயிர்கொடுத்தவர்கள், ‘தாண்டா’ என்னும் கூட்டமாக, பொதிமாடுகளோடும் மனைவி மக்களோடும் நாடு முழுவதும் அலைந்த பஞ்சாரர் ஆவர். தமிழ்நாட்டில் இவர்கள் லம்பாடிகள் எனப்பட்டனர். போர் வரலாற்று நூல்கள் படைத்தலைவர்களுக்குத் தரும் இடத்தை, மாட்டின் முதுகில் பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. ஆயினும் அவர்களின் தாண்டா வந்து சேராத நாளில் பாசறையில் அடுப்பு எரிந்திராது.

தேசிங்குராஜன் கதையை அறிந்த பாட்டி ஒருவர் உடன் வந்தால் பயணத்தின் சுவை கூடுகிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து இளமையிலேயே வீழ்ந்த தேசிங்கும், அவனுடைய முசுலிம் நண்பன் மோவுத்துக்காரனும், அவர்களுடைய குதிரைகளும் நாட்டுப்பாடலில் வாழ்கின்றனர். குழந்தைகள் தேடுவது குதிரையைத்தான். லாயத்தின் வளைவுகளைக் கண்டதும் எந்த வளைவு தேசிங்கின் குதிரைக்கு என்று அவர்களே முடிவுசெய்துவிடுகின்றனர். அதே கோட்டைக்குள், போரில் வென்ற சாதத்துல்லா கானின் பெயரால் கட்டப்பட்ட மசூதியும் நிற்கிறது. தோற்றவன் பாட்டிலும் வென்றவன் கல்லிலும் நிலைத்திருக்கும் இந்த இரண்டையும் ஒரே காலையில் காட்டுவது நல்லது. 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் எனப் பின்னர் வந்தவர்களைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலையேறியே தீர வேண்டும் என்னும் பெரிய பிள்ளைகளுக்கு, சாலையின் வடபுறத்தில் உள்ள கிருஷ்ணகிரி ஏற்றது. ராஜகிரியைவிட உயரம் குறைந்த இம்மலையின் உச்சியில், மெல்லிய தூண்களும் குவிமாடமும் கொண்ட காற்றோட்டமான மண்டபம் இருக்கிறது. எண்ணெயும் நெய்யும் சேமித்ததாகச் சொல்லப்படும் கட்டுக்கிணறுகளும் உள்ளன. அங்கிருந்து பார்த்தால் ராஜகிரி முழுமையாகத் தெரிகிறது. ராஜகிரியின் மீது நின்றால் ராஜகிரி தெரிவதில்லை என்பதால், கோட்டையின் அமைப்பை விளங்கிக்கொள்ள விரும்புவோர்க்கும் இதுவே சிறந்த இடம். ராஜகிரியின் உச்சிக்குச் செல்வோர் இறுதியில் கடக்கும் ஆழமான பாறைப் பிளவின் மீது இன்று பாலம் உள்ளது; முற்காலத்தில் அதன் மேலிருந்த மரப்பாலத்தை விலக்கிவிட்டால் சிலரே நின்று மலையைக் காக்க முடிந்தது. அந்தப் பாலத்தில் குழந்தையின் கையை ஒருபோதும் விடலாகாது.

வேறு சில எச்சரிக்கைகளும் தேவை. செஞ்சியின் குரங்குகள் உமணச் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடிய மந்தியைப் போன்றவை அல்ல. பயணிகள் தின்பண்டம் கொடுத்தே பழக்கியதால், பிள்ளைகளின் கையிலிருக்கும் பிஸ்கட் பொட்டலத்தையும் பையையும் அவை பறித்துவிடுகின்றன. இதற்குக் குற்றவாளி குரங்கு அன்று. உணவு முழுவதையும் பூட்டிய வேனில் விட்டுச் சென்று, தண்ணீரை மட்டும் பைக்குள் மறைவாக எடுத்துச் செல்வதே வழி. வேனை வீடாகக் கொள்வதன் பயன் இங்கேதான் முழுதும் தெரிகிறது: மாற்றுடையும் உணவும் மருந்தும் படுக்கையும் அடிவாரத்து நிழலில் காத்திருக்க, ஏறுவோர் கைவீசி ஏறுகின்றனர், மூட்டுவலியுள்ள பாட்டியும் கைக்குழந்தையும் அங்கேயே தங்குகின்றனர். கோட்டைக்குள் உள்ள குளங்களும் கைவிடப்பட்ட கிணறுகளும் ஆழமானவை. செட்டிகுளத்துக்கு அருகே, கைதிகளைத் தள்ளிப் பட்டினி போட்டதாகக் கூறப்படும் பாறைக் கிணறு ஒன்று பிள்ளைகளின் ஆவலைத் தூண்டும். மார்ச் முதல் ஜூன் வரை வெயிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வழுக்கும் பாறையும் தடையாவதால், தை மாசி மாதங்களே குழந்தைகளுக்கு உகந்தவை. பள்ளி விடுமுறை கோடையில் அமைவதால், பெரும்பாலான குடும்பங்கள் வரக்கூடாத மாதத்தில்தான் வருகின்றன என்பது வருந்தத்தக்கது.

இரவை எங்கே கழிப்பது என்பது அடுத்த கேள்வி. செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் இதற்கு ஒரு விடையை நெடுங்காலமாகவே வைத்திருக்கிறது. அமாவாசை தோறும் நள்ளிரவையொட்டி நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்தைக் காணத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வண்டி வைத்துக்கொண்டு வருகின்றன. முன்பு கூண்டு வண்டிகளை அவிழ்த்து மாடுகளைக் கட்டிய திடல்களில் இப்போது வேன்கள் நிற்கின்றன. இரண்டு வேன்களுக்கு நடுவே தார்ப்பாய் விரிக்கப்படுகிறது. கற்களைக் கூட்டி அடுப்பாக்கிப் பொங்கல் வைக்கின்றனர். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை புதுச்சட்டையோடு ஜமுக்காளத்தில் உறங்குகிறது. அடுத்த வண்டிக் குடும்பத்தோடு ஊர்ப்பெயர் சொல்லி உறவு விசாரிப்பது தொடங்கி, விடியும்முன் குழம்பு பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம் வளர்ந்துவிடுகிறது. பக்தி, நேர்த்திக்கடன் என்னும் பெயர்களால் வழங்கும் இந்தப் பயணத்தைச் சுற்றுலாத் துறையினர் கேரவன் முகாம் என்று எண்ணுவதில்லை. ஆனால் வண்டியோடு சென்று, வண்டியருகே சமைத்து, வண்டியருகே உறங்கி, குழந்தைகளோடு திரும்பும் பயணத்துக்கு இதைவிட நேரிய எடுத்துக்காட்டு வேறில்லை.

இத்தகைய பயணத்துக்கு வேண்டுவது விலையுயர்ந்த வண்டியைவிட, வண்டி நிற்பதற்கான இடமே. கேரள அரசு 2021-இல் அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டம் வண்டியோடு ‘கேரவன் பூங்கா’ என்னும் நிறுத்துமிடத்தையும் இணைத்தே வகுக்கப்பட்டது. அது நல்ல பார்வை. தமிழ்நாட்டுக்கோ அதைக் காட்டிலும் பழைய முன்மாதிரி உண்டு. தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் நாட்டுச் சத்திரங்களில் வழிப்போக்கர் அனைவருக்கும் உணவும், நோயுற்றோர்க்கு மருந்தும், கைக்குழந்தைகளுக்குப் பாலும் அளிக்கப்பட்டதை விளக்கியிருக்கிறார். குழந்தைக்குப் பால் என்பதைத் தனியே எண்ணிப்பார்த்த நிர்வாகம் அது. உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட செஞ்சியில், மரநிழலுள்ள ஒரு திடல், குடிநீர்க் குழாய், பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றிச் செல்லத்தக்க கழிப்பறை, இரவு முழுவதும் எரியும் ஒரு விளக்கு, கழிவுநீர் வடிகால், சமைப்பதற்கெனத் திறந்தவெளியில் ஒரு மேடை ஆகியவை அமைந்தால், வேனில் வரும் குடும்பம் ஒரே நாளில் அரக்கப்பரக்கத் திரும்ப வேண்டியிராது. பெரிய விடுதிகளைக் கட்டுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

சமையல் மேடையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதிக்குப் புறம்பாக எடுத்துவரப்பட்ட எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தனர். மூடிய வண்டிக்குள் கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து கலையாமல் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். குழந்தைகள் உறங்கும் வண்டிக்குள் அடுப்பு பற்றவைப்பதும், எரியும் அடுப்பின் அருகே வண்டியை நிறுத்துவதும் கூடவே கூடாது. வண்டியை முழுதும் அடைத்துக்கொண்டு ஏ.சி.க்காக எஞ்சினை இரவெல்லாம் ஓடவிட்டு உறங்குவதும் அதே அளவு ஆபத்தானது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

மறுநாளைச் செஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஒதுக்கலாம். நான்கைந்து கிலோமீட்டருக்குள் உள்ள சிங்கவரத்தில், பாறையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். மலையோடு ஒன்றாகச் செதுக்கிய அந்தப் பெரிய திருமேனியின் தலையிலிருந்து காலடி வரை ஒரே பார்வையில் காண இயலாமல் குழந்தைகள் நகர்ந்து நகர்ந்து பார்க்கின்றனர். அதனருகே திருநாதர்குன்றின் பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். எண்ணப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல எண்ணுமிடம் அமையாது. அங்கேயே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் பழைய கல்வெட்டும் உள்ளது. விழுப்புரம் சாலையில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் அறிவித்துக்கொண்ட குடைவரை இருக்கிறது. வாயிலில் சாய்ந்து நிற்கும் காவலர்களைப் போல் நின்று காட்டாமல் எந்தப் பிள்ளையும் அங்கிருந்து புறப்படுவதில்லை.

திரும்பும் குடும்பங்களில் சில, வந்த வழியே சென்னைக்கு விரையாமல், திண்டிவனத்தைக் கடந்து நேர்கிழக்கே மரக்காணம் சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கின்றன. தூரம் சற்றே கூடினாலும் அந்த வழி உகந்தது. பாறைகள் மறைந்து பனைகள் பெருகுகின்றன. காற்றில் ஈரம் ஏறுகிறது. இரண்டு நாளும் மேலே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கண்கள் மட்டமான வெளிக்குப் பழகச் சிறிது நேரம் ஆகிறது. பிறகு சாலையோரம் பாத்தி பாத்தியாக வானத்தைக் காட்டிக்கொண்டு உப்பளங்கள் வருகின்றன. வரப்பில் குவித்த உப்பு மாலை வெயிலில் குன்றுகளைப் போல் நிற்கிறது. வேன் நிற்கிறது, தூக்குவாளிகளில் எஞ்சிய தயிர்சாதம் வெளியே எடுக்கப்படுகிறது. ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகள் ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பின் விளிம்புவரை சென்று, கீழே சிதறிக் கிடக்கும் ஒரு கல்லுப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கின்றனர்.